ஹைபர்நோமா: ஸ்கேனில் மிரட்டும் கொழுப்புக் கட்டி

குமரி மாவட்டத்துக் குழித்துறை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் உடம்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் முதலில் காதில் விழுவது, "அது கொழுப்புக் கட்டியாக்கும் மக்கா, ஒண்ணும் செய்யாது" என்பதுதான். களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் கேட்டாலும் மலையாளத்தில் இதையேதான் சொல்வார்கள். பெரும்பாலும் சரியான பேச்சு. தோலுக்கடியில் விரலுக்கு வழுக்கிக்கொண்டு ஓடும் சாதாரண லைப்போமா யாருக்கும் பெரிய தொல்லை தருவதில்லை. ஆனால் கொழுப்பிலிருந்து கிளம்பும் கட்டிகளில் ரகங்கள் பல. அவற்றில் அபூர்வமான ஒன்று ஹைபர்நோமா. இது புற்றுநோய் இல்லை, வேறு உறுப்புகளுக்குப் பரவுவதில்லை, எடுத்தபின் திரும்ப வந்ததாகவும் பெரிய ஆய்வுகளில் பதிவில்லை. இத்தனை சாதுவான கட்டி, எம்.ஆர்.ஐ. படத்தில் மட்டும் லைப்போசார்கோமா என்னும் கொழுப்புப் புற்றுநோயைப் போலவே தோன்றும்.

அதனால் இந்த நோயில் ஆட்கள் படும் பாட்டில் பெரும்பங்கு வரிசை தவறிய வைத்தியத்தால் வருவது. முதலில் படம், அடுத்து ஊசி வழியாகச் சதைத்துணுக்கு, கடைசியில் கத்தி. இந்த வரிசை எங்கெல்லாம் குலைகிறது, குலைந்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறோம்.

நம் உடம்பில் கொழுப்பு இரண்டு வகை. வயிற்றிலும் இடுப்பிலும் சேருவது வெள்ளைக் கொழுப்பு, அது சேமிப்பு. பழுப்புக் கொழுப்பு அடுப்பு மாதிரி, சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சூடு உண்டாக்கும். பிறந்த குழந்தைக்குத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் இது நிறைய இருக்கும். வளர வளரக் குறைந்து, பெரியவர்களுக்குக் கழுத்துப் பகுதி, காறை எலும்புக்கு மேல்புறம், முதுகெலும்பை ஒட்டிய இடம் என்று கொஞ்சம் மிஞ்சும். இந்தப் பழுப்புக் கொழுப்புச் செல்களைப் போன்ற செல்களால் ஆன கட்டிதான் ஹைபர்நோமா. 1906-ல் மெர்க்கெல் என்பவர் முதலில் இதை விவரித்தார். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் (ஹைபர்நேஷன்) விலங்குகளின் கொழுப்பை ஒத்திருப்பதால் 1914-ல் கெரி என்பவர் இந்தப் பெயரை வைத்தார்.

ஒரு விசித்திரம்: பெரியவர்களுக்குப் பழுப்புக் கொழுப்பு சாதாரணமாக இருக்காத தொடையில்தான் இந்தக் கட்டி அதிகம் வருகிறது. 2001-ல் அமெரிக்க ராணுவ நோயியல் நிறுவனத்திலிருந்து 170 பேரின் கட்டிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதில் 50 பேருக்குத் தொடையில். தோள், முதுகு, கழுத்து, நெஞ்சு, கை, வயிற்றின் உட்புறம் ஆகியவை அதற்கு அடுத்து. சராசரி வயது 38. கட்டியின் சராசரி அளவு 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மிகப் பெரியது 24 சென்டிமீட்டர். உழைக்கிற வயது, உழைக்கிற கால். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வெட்டுக்காரர்கள் நிறைந்த எங்கள் பக்கத்தில் இதை யோசித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

வலி இருக்காது. அதுதான் பெரிய ஏமாற்று. மெதுவாக, வருஷக்கணக்கில் வளரும். வேட்டி கட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. பேண்ட் போடுகிறவருக்கு ஒரு கால் மட்டும் இறுக்கும். ரப்பர் மரத்தின் அடிப்பட்டையில் வெட்டும்போது முழங்காலை மடக்கிக் குனிந்து மரத்தைச் சுற்றி நகரவேண்டும். அப்போது தொடையின் உள்பக்கம் ஏதோ இடிக்கிற மாதிரி இருக்கும். கையை வைத்துப் பார்த்தால் மெத்தென்று, ஆனால் சாதாரண லைப்போமாவைவிடச் சற்று அழுத்தமாக இருக்கும். ரத்த ஓட்டம் அதிகமுள்ள கட்டி என்பதால் சிலருக்கு மேல்தோல் மற்ற காலைவிடச் சூடாக இருக்கும். நரம்பை அழுத்தினால் மட்டுமே மரத்துப்போதல், மின்சாரம் பாய்ந்த மாதிரி சுண்டுதல்.

வீட்டிலேயே செய்யக்கூடிய உருப்படியான காரியம், அளப்பது. கண்ணளவு உதவாது. படுத்துக்கொண்டு காலை நீட்டி, முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு, அங்கே தையல்காரர் டேப்பைச் சுற்றி அளக்கவேண்டும். மற்றக் காலிலும் அதே உயரத்தில். கட்டி அதைவிட மேலே இருந்தால் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்; எந்த உயரம் என்பதைத் தாளில் எழுதிவைத்தால் போதும். இரண்டு எண்ணையும் தேதியோடு குறித்து, கட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போனில் படம் எடுத்து, மாதம் ஒருமுறை இதைச் செய்தால் டாக்டர் கேட்கிற "எவ்வளவு நாளாக வளருது?" என்ற கேள்விக்கு நேரான பதில் கையில் இருக்கும். இதற்காக ஆறு மாதம் அளந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டாம். கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால், அதாவது ஒரு நல்ல எலுமிச்சம்பழ அளவை மிஞ்சினால், அல்லது தோலோடு உருளாமல் ஆழத்தில் தசைக்குள் உட்கார்ந்திருந்தால், வளர்ந்துகொண்டே போனால், வலித்தால், ஒருமுறை எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தால், இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், நேரே ஸ்கேனுக்குப் போகவேண்டிய கட்டி அது. தொடையை இறுக்கித் தசையை விறைக்கச் செய்து தொட்டுப் பாருங்கள்: கட்டி அப்படியே துருத்திக்கொண்டு அசைந்தால் பெரும்பாலும் தசைக்கு மேலே இருக்கிறது, மங்கிப்போய் அசையாமல் நின்றால் உள்ளே.

தடவுகிற பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குமரி மாவட்டத்தில் வர்மமும் தடவலும் நல்ல கைகளிடம் இருக்கும் நல்ல வித்தைகள். சுளுக்குக்கும் உளைச்சலுக்கும் அவற்றைக் குறை சொல்ல எங்களுக்கு எண்ணமில்லை. கட்டிக்கு அவை சேராது. எண்ணெய் போட்டு உருவினால் கொழுப்பு கரையும் என்பது நடக்காத காரியம். ஹைபர்நோமாவுக்குள் ரத்தக்குழாய்கள் மண்டிக்கிடக்கும். அழுத்தி உருவினால் உள்ளே ரத்தம் கசிய வாய்ப்பு இருக்கிறது. கசிந்த ரத்தம் எம்.ஆர்.ஐ.யில் கட்டியின் படத்தையே கலைத்துவிடும். படம் பார்க்கிற டாக்டர் "உள்ளே ரத்தக்கசிவு, புற்றுநோயா என்று பார்க்கவும்" என்று எழுதினால் அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. சூடு வைத்துத் தோலைப் பொசுக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கோ புண் ஆறுகிற வரைக்கும் ஆபரேஷனே தள்ளிப்போகும்.

முதல் ஸ்கேன் அல்ட்ராசவுண்ட். மார்த்தாண்டத்திலேயே எடுத்துவிடலாம். அதில் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: தசைக்கு மேலா உள்ளா, டாப்ளரில் ரத்த ஓட்டம் எப்படி. சாதாரண லைப்போமாவில் ரத்த ஓட்டம் அனேகமாகத் தெரியாது. ஹைபர்நோமாவில் தாராளமாகத் தெரியும். "லைப்போமா, ரத்த ஓட்டம் அதிகம்" என்று ரிப்போர்ட் வந்தால் முதல் வார்த்தையோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, மரக்க ஊசி போட்டு அரைமணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று சிறிய கிளினிக்கில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெட்டித் திறந்தபின் எதிர்பார்த்த மஞ்சள் கொழுப்புக்குப் பதிலாகப் பழுப்பு நிறத்தில் ஒன்று எட்டிப்பார்க்கும், ரத்தம் நிற்காது, ஆழம் போய்க்கொண்டே இருக்கும். பாதியில் தைத்து மூடி வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறவர்கள் இப்படி உண்டாகிறவர்கள்தான். அது ஒருவேளை உண்மையிலேயே சார்கோமா என்னும் சதைப் புற்றுநோயாக இருந்துவிட்டால், அந்த அரைகுறை வெட்டு கட்டியைச் சுற்றுச் சதையெல்லாம் பரப்பிவிட்டிருக்கும்.

எம்.ஆர்.ஐ.க்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில. சீட்டில் கான்ட்ராஸ்ட் மருந்தோடு (ரத்த ஓட்டத்தைப் படத்தில் எடுத்துக்காட்டும் ஊசி) எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை காசு கட்டுகிறவர்கள் அதிகம். கான்ட்ராஸ்ட் போடுவதற்குமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை கேட்பார்கள். அதை முந்தின நாளே எடுத்துக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம். தாலிச்செயின், அரைஞாண், தாயத்து, ஊக்கு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டுப் போவது நல்லது. கட்டி இருக்கும் இடத்தில் தோல்மேல் படத்தில் இடத்தைக் காட்டும் ஒரு அடையாளக் குப்பி (கேப்சூல்) ஒட்டச் சொல்லுங்கள், மற்றத் தொடையும் ஒரே படத்தில் வரட்டும் என்றும் கேளுங்கள்; ஒப்பிட்டுப் பார்க்க அது வசதி. முடிந்ததும் பிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். சி.டி. வேண்டும். கவுண்டரை விட்டு நகர்வதற்குமுன் அந்த சி.டி. திறக்கிறதா என்று அவர்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் காட்டச் சொல்லவேண்டும். திருவனந்தபுரம் போய் ஓ.பி.யில் நாலு மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே போனபின் சி.டி. காலி என்று தெரிந்தால் அன்றைய நாள் போச்சு.

அந்தப் படத்தில் என்ன தெரியும்? டி1 என்ற எம்.ஆர்.ஐ. பட வகையில் சாதாரணக் கொழுப்பு வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும். ஹைபர்நோமா அதைவிட ஒரு மாற்று மங்கலாக, தசையைவிட வெளிச்சமாக, நடுத்தரமாக நிற்கும். கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் பட வகையில் சாதாரண லைப்போமா முழுக்கக் கறுத்துவிடும். இது அரைகுறையாகத்தான் கறுக்கும். உள்ளே தடுப்புச்சுவர்கள் மாதிரிக் கோடுகள், பெரிய ரத்தக்குழாய்கள், கான்ட்ராஸ்ட் கொடுத்தால் நல்ல வெளிச்சம். இத்தனையும் லைப்போசார்கோமாவின் லட்சணங்களும்கூட. அதனால்தான் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "லைப்போசார்கோமா இல்லை என்று சொல்ல இயலவில்லை" என்று வரும். இந்த வரியை வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள் எத்தனை பேர்! அந்த வரிக்குப் பொருள், படத்தை வைத்து இதற்குமேல் பிரிக்க முடியாது, சதையைப் பார்க்கவேண்டும் என்பதுதான். புற்றுநோய் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதனால் தூக்கி எறிந்துவிட்டு "ஒண்ணுமில்லையாம்" என்று இருந்துவிடவும் கூடாது.

அடுத்து பெட் ஸ்கேன் பயம். புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் என்ற கணக்கில் இயங்குவது அது. பழுப்புக் கொழுப்பின் பிழைப்பே சர்க்கரையை எரிப்பதுதான். ஆகவே ஹைபர்நோமா பெட் ஸ்கேனில் பல புற்றுநோய்களைவிடப் பிரகாசமாக எரியும். வேறு ஏதோ புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்குத் தொடையிலோ முதுகிலோ இப்படி ஒன்று தெரிந்தால், பரவிவிட்டது என்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு. கொழுப்பு அடர்த்தியுள்ள கட்டி பெட் ஸ்கேனில் எரிகிறது என்றால், முடிவெடுப்பதற்குமுன் அதிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. தொடையில் ஒற்றைக் கட்டியோடு வருகிறவருக்கு, அது என்ன என்று கண்டுபிடிக்க மட்டும் பெட் ஸ்கேன் எடுப்பது எங்கள் பார்வையில் வீண் செலவு. எரிந்தாலும் பயாப்சி வேண்டும், எரியாவிட்டாலும் பயாப்சி வேண்டும்.

பயாப்சி என்றால் எது? மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. இங்கே அதிகம் உதவாது. ரத்தமும் நாலு கொழுப்புச் செல்லும் வரும், "போதுமான மாதிரி இல்லை" என்று திரும்பும். வேண்டியது கோர் பயாப்சி. 14 அல்லது 16 கேஜ் தடிமனுள்ள ஊசியால், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, புழு மாதிரி நீளத் துணுக்குகளாக நாலைந்து எடுப்பார்கள். பெரிய கட்டி என்றால் ஒரே இடத்தில் எடுக்காமல், படத்தில் கொழுப்பு மாதிரி இல்லாமல் தெரியும் பகுதியிலிருந்தும் எடுப்பது முறை. ஊசி நுழையும் இடத்தை ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர்தான் தீர்மானிக்கவேண்டும். சார்கோமா என்று வந்துவிட்டால் அந்த ஊசித்தடத்தையும் சேர்த்து வெட்டி எடுக்கவேண்டியிருக்கும். கண்ட இடத்தில் குத்தியிருந்தால் வெட்டும் பெரிதாகும். ஒரு ஆஸ்பத்திரியில் பயாப்சி, வேறு ஒன்றில் ஆபரேஷன் என்று பிரித்துக்கொள்வதில் உள்ள பெரிய குறை இதுதான். ஆபரேஷன் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலா, திருநெல்வேலியிலா, திருவனந்தபுரத்திலா என்பதை முதலிலேயே முடிவுசெய்து, பயாப்சியையும் அங்கேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ரத்தம் கசியும் கட்டி என்று முன்னமே சொன்னோம். பயாப்சிக்கு முன் ரத்தம் சரியாக உறைகிறதா என்று அறியப் பிளேட்லெட், ஐ.என்.ஆர். பார்ப்பார்கள். ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே நிறுத்தாமல், இதய டாக்டரைக் கேட்டு, சொன்ன நாளிலிருந்து நிறுத்தவேண்டும். நாட்டு மருந்து, சூரணம், லேகியம் எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஊசி எடுத்தபின் குறைந்தது பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்திருக்கவேண்டும்; எட்டி எட்டிப் பார்க்கக்கூடாது. இறுக்கமான கட்டு போட்டுக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் அங்கேயே படுத்திருந்துவிட்டு, பிறகு கிளம்பலாம். பஸ்ஸில் கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டு வருவதைவிட, திருவனந்தபுரத்திலிருந்து குழித்துறைக்கு ரயில் நல்லது. வழியில் தொடை திடீரென்று விம்மி இறுகினால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்காமல் அடுத்த ஆஸ்பத்திரியில் இறங்கவேண்டும்.

நுண்ணோக்கியில் ஹைபர்நோமாவின் செல் தனி அழகு. சாதாரணக் கொழுப்புச் செல்லில் ஒரே ஒரு பெரிய எண்ணெய்ச்சொட்டு நிறைந்து, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். இதில் குட்டிக்குட்டிச் சொட்டுகள் நிறைந்திருக்க, சிறிய உட்கரு நடுவில் உட்கார்ந்திருக்கும். மைட்டோகாண்ட்ரியா மண்டியிருப்பதால் செல்லின் உள்பகுதி மணல்மணலாகத் தெரியும். கட்டியின் பழுப்பு நிறத்துக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ரத்தக்குழாய்களும்தான் காரணம். இப்படித் தெளிவாக இருந்தால் நோயியல் டாக்டர் உடனே சொல்லிவிடுவார். அந்த 170 பேரில் 140 பேருக்கு இந்தத் தெளிவான வகைதான். மீதி வகைகளில்தான் குழப்பம்: ஒன்றில் பழுப்புச் செல்கள் அங்கங்கே மட்டும் தூவிக்கிடக்கும், மற்றதெல்லாம் சாதாரண லைப்போமா மாதிரி, இன்னொன்றில் கொழகொழப்பான பின்னணி, மற்றொன்றில் கதிர் வடிவச் செல்கள்.

இந்த இடத்தில் தீர்ப்பு சொல்வது எம்.டி.எம்.2 என்ற ஜீன் பெருகியிருக்கிறதா என்று ஒளிரும் சாயத்தால் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை. நன்கு முதிர்ந்த லைப்போசார்கோமாவில் அந்த ஜீன் பல மடங்கு பெருகியிருக்கும், ஹைபர்நோமாவில் பெருகியிருக்காது. ஹைபர்நோமாவில் மாற்றம் இருப்பது 11-ஆம் குரோமோசோமில். ஆகவே ரிப்போர்ட்டில் "எம்.டி.எம்.2 பெருக்கம் இல்லை" என்ற வரிதான் நீங்கள் தேடவேண்டிய வரி. இதே ஜீனின் புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்க்கும் மலிவான முறையும் உண்டு. அது சில சமயம் தவறான திசையில் இழுத்துவிடும் என்பதால், சந்தேகம் உள்ள கட்டிக்கு ஃபிஷ்ஷுக்குச் செலவு செய்வது தகும். எல்லா லேபிலும் அது கிடையாது. பயாப்சி எடுத்த இடத்திலிருந்து மெழுகுக் கட்டையை வாங்கி, பெரிய லேபுக்குக் கொண்டுபோகவேண்டியிருக்கும்.

மெழுகுக் கட்டை என்பது உங்கள் சதைத்துணுக்கைப் பாரஃபினில் புதைத்துவைத்த சிறிய சதுரம். அது தொலைந்தால் மறுபடி ஊசிதான். வாங்கும்போது எத்தனை கட்டை, எத்தனை ஸ்லைடு, ஒவ்வொன்றின் நம்பர் என்ன என்று எழுதி வாங்குங்கள். பாரஃபின் உருகுவதற்கு 56-லிருந்து 60 டிகிரி போதும். மேமாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஸ்லைடுகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் கேட்டு வாங்கவேண்டும், பேப்பரில் சுற்றினால் உடைந்துதான் போய்ச்சேரும். எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி பெயர். தமிழ்நாட்டு ஆதாரில் இனிஷியல் முன்னால், கேரளத்து ஓ.பி. சீட்டில் இனிஷியல் பின்னால் அல்லது வீட்டுப்பெயர் விரிவாக. ஸ்லைடில் ஒரு பெயர், ரிப்போர்ட்டில் ஒரு பெயர் என்றிருந்தால் இரண்டாவது லேப் வாங்க மறுக்கலாம். மறுப்பது சரியும்கூட, ஆள்மாறாட்டம் ஆகிவிடக் கூடாதே. முதல் ஓ.பி. சீட்டு போடும்போதே ஆதாரைக் கையில் கொடுத்து எழுத்துக்கு எழுத்து அதன்படியே பதியச் சொல்லிவிட்டால் இந்த வம்பு வராது.

ஹைபர்நோமா என்று உறுதியானபின் அவசரம் இல்லை. கட்டி சிறியது, தொந்தரவு இல்லை, ஃபிஷ்ஷும் சுத்தம் என்றால் எடுக்காமல் கவனித்துக்கொண்டிருப்பதும் ஒரு வழிதான். ஆனாலும் பெரும்பாலும் எடுத்துவிடச் சொல்வார்கள். வளர்ந்து நரம்பை அழுத்தும், ஊசித்துணுக்கு முழுக் கட்டிக்கும் சாட்சி சொல்லாது என்ற இரண்டு காரணமும் நியாயமானவை. ரப்பர் வெட்டுக்காரருக்கு நாங்கள் சொல்வது: இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற பிப்ரவரி, மார்ச்சில் ஆபரேஷனை வைத்துக்கொள்ளுங்கள். கூலி இழப்பு குறையும். சில வாரம், ஒரு மாதம் தள்ளுவதால் இந்தக் கட்டி ஒன்றும் ஓடிவிடாது. சார்கோமா சந்தேகம் தீராத கட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு; ஆனால் இது திட்டமிட்ட ஆபரேஷன், முன்அனுமதி வாங்கியபின்தான் சேர்ப்பார்கள். பயாப்சி ரிப்போர்ட்டும் எம்.ஆர்.ஐ.யும் அதற்கு வேண்டும். கேரளத்து ஆஸ்பத்திரியில் நம் அட்டை செல்லுமா என்பதைச் சேர்வதற்கு முன்னால், காப்பீட்டுக் கவுண்டரில், ஆஸ்பத்திரிப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடவேண்டும். சேர்ந்தபின் கேட்டுப் பயனில்லை.

ஆபரேஷனில் கட்டியை அதன் உறையோடு முழுசாக எடுப்பதுதான் குறி. புற்றுநோய்க்குச் செய்வதுபோலச் சுற்றியுள்ள தசையையும் சேர்த்து அகலமாக வெட்டத் தேவையில்லை. கீமோ, ரேடியேஷன் எதுவும் கிடையாது. கட்டிக்குள் போகும் ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போகவேண்டும் என்பதால் நேரம் பிடிக்கும். ரத்தம் ஒன்றிரண்டு யூனிட் ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள், பதிலுக்கு ஆள் கேட்பார்கள். கூட ரப்பர் வெட்டும் தோழர்கள் விடியுமுன் ஹெட்லைட்டோடு தோட்டத்துக்குப் போய், பால் எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்படியே வெறும் வயிற்றில் வண்டியேறி ரத்தம் கொடுக்க வந்து நிற்பார்கள். பாதிப் பேர் மயங்கி உட்கார்ந்துவிடுவார்கள், மீதிப் பேரை ரத்த வங்கியே திருப்பி அனுப்பும். ராத்திரி நன்றாகத் தூங்கி, காலையில் இட்லியோ கஞ்சியோ வயிறாரச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து வரச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறைந்தவரிடம் எடுக்கமாட்டார்கள். அடையாள அட்டையும் வேண்டும்.

எடுத்த கட்டி எங்கே போகிறது என்பதை உடன் இருக்கிறவர் ஒருவர் பின்தொடரவேண்டும். பயாப்சிதான் முன்பே பார்த்தாகிவிட்டதே என்று முழுக் கட்டியைப் பரிசோதிக்காமல் விட்டுவிடக் கூடாது. வெளி லேபுக்கு நீங்களே கொண்டுபோக நேர்ந்தால்: 10 சதவீதப் பார்மலின், கட்டியின் கன அளவைப்போலப் பத்து மடங்கு இருந்தால் நல்லது. சலைனிலோ ஸ்பிரிட்டிலோ போட்டால் திசு கெடும். பாட்டில் வாய் அகலமாக இருக்கவேண்டும். மெத்தென்று இருக்கும்போது குறுகிய வாய் வழியாக அமுக்கி உள்ளே தள்ளிவிடுவார்கள்; பார்மலினில் ஒரு நாள் ஊறினால் அது இறுகிவிடும், பிறகு பாட்டிலை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். பத்து சென்டிமீட்டர் கட்டிக்குள் பார்மலின் தானாக இறங்காது, நடுப்பகுதி அழுகிப்போகும்; அதனால் நேரம் கடத்தாமல் அன்றைக்கே லேபில் சேர்த்தால் அவர்கள் முறைப்படி அறுத்துவைப்பார்கள். பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டாதீர்கள், பாட்டில் உடம்பில் ஒட்டுங்கள். மூடிகள் மாறிப்போகும்.

வீட்டுக்கு வந்தபின் பயமுறுத்துகிற விஷயம் நீர்கட்டல். பெரிய கட்டி இருந்த இடம் காலியாகக் கிடக்கும். அதில் நிணநீர் சேரும். அதை வெளியேற்றத்தான் டிரெயின் குழாய் வைப்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுதிவைக்கவேண்டும். சிவப்பிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு மாறி, ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் குறைந்தபின் எடுப்பது வழக்கம். குழாயை எடுத்து ஒரு வாரத்தில் அதே இடம் மறுபடி மெத்தென்று பருத்தால், கட்டி திரும்ப வந்துவிட்டது என்று வீடே அழும். அத்தனை சீக்கிரத்தில் எந்தக் கட்டியும் வளராது. அது தேங்கிய நீர். டாக்டர் ஊசியால் உறிஞ்சி இறுக்கக் கட்டு போடுவார், ஒன்றிரண்டு தடவையில் அடங்கும். வீட்டில் குத்திப் பார்க்க வேண்டாம். சிவந்து சுட்டால், காய்ச்சல் அடித்தால், கெண்டைக்கால் சதை ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே போகவேண்டும். கடைசியாகச் சொன்னது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம்.

தையல் பிரிக்க இரண்டு வாரம் ஆகும். நடப்பது மறுநாளிலிருந்தே. ரப்பர் வெட்டுக்குத் திரும்புவது வேறு கணக்கு: சரிவில் ஏறி இறங்குதல், தாழ்ந்த வெட்டுக்கு உட்கார்ந்து எழுதல், இரண்டு வாளிப் பாலோடு நடத்தல். நன்றாக ஆறிய தொடைக்குமே ஆறு வாரம் ஆகலாம். தசைக்குள் இருந்த கட்டி என்றால் டாக்டர் இன்னும் கூட்டிச் சொல்வார். மேல்வெட்டு மரங்களில் தொடங்கித் தாழ்ந்த வெட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசி ரிப்போர்ட்டில் "ஓரத்தில் கட்டி தொட்டுக்கொண்டிருக்கிறது" என்று வந்தால் மறு ஆபரேஷனுக்கு ஓடவேண்டாம். 170 பேர் ஆய்வில் 66 பேரைச் சராசரி 7.7 வருஷம் கவனித்தார்கள். கட்டிக்குள்ளேயே வெட்டி எடுக்கப்பட்ட 8 பேர் உட்பட ஒருவருக்கும் திரும்ப வரவில்லை. இந்தச் சலுகை ஹைபர்நோமாவுக்கு மட்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வரும் லைப்போபிளாஸ்டோமாவும் சாதுவான கொழுப்புக் கட்டிதான், ஆனால் மிச்சம் வைத்தால் திரும்ப வளரும். அதற்குச் சில வருஷம் தொடர்ந்து காட்டவேண்டும்.

ஹைபர்நோமா எடுத்தவருக்கு வருஷாவருஷம் ஸ்கேன் தேவையில்லை. பெரிய கட்டி என்றால் சில மாதம் கழித்து ஒரு எம்.ஆர்.ஐ. கேட்பார்கள், அதோடு சரி. கொஞ்சம் மிச்சம் இருப்பதாகத் தெரிந்தால், கடைசி நோயியல் ரிப்போர்ட்டையும் ஃபிஷ் ரிப்போர்ட்டையும் லேமினேட் பண்ணாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வேறு எதற்காகவாவது பெட் ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், மெஷினில் படுப்பதற்குமுன் அந்தத் தாளைக் கொடுத்துவிடவேண்டும்.